பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கும் முன் ஆசிரியர் அறையில் என்ன நடக்க வேண்டும்?

நன்னிலத்து ஆசிரியை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். வரும் பருவத்தில் எங்கள் நடுநிலைப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குத் தன்பாதுகாப்பு குறித்து வகுப்பெடுக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். பல பள்ளிகளில் இது நடக்கும் விதத்தைப் பார்த்திருக்கிறேன். காலை வழிபாடு முடிந்ததும் பிள்ளைகளை வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, குழந்தை உருவம் வரைந்த தாளை மாட்டி, எந்தெந்த இடத்தைப் பிறர் தொடக்கூடாது என்று குச்சியால் காட்டி, "வேண்டாம் என்று சொல், அங்கிருந்து ஓடு, நம்பிக்கையானவரிடம் சொல்" என்று கோரசாகச் சொல்ல வைத்து, படமெடுத்து வாட்சப் குழுவில் போட்டுவிட்டால் அந்த ஆண்டுக்கான கடமை முடிந்துவிடுகிறது.

இதில் என்னை உறுத்துவது மூன்றாவது கட்டளைதான். பிள்ளை நம்பிச் சொல்லப்போகும் அந்த ஆள் யார், கேட்டுக்கொண்ட பிறகு அவர் என்ன செய்வார் என்ற பேச்சே எழுவதில்லை. எங்கள் ஆசிரியர் அறையில் இதையே கேள்வியாகப் போட்டுப் பார்த்தேன். நாளைக் காலை நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வந்து, வேன் ஓட்டும் அண்ணன் தன்னிடம் இப்படி நடந்துகொள்கிறார் என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? ஒருவர் தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வேன் என்றார். இன்னொருவர் அம்மாவை மட்டும் தனியாக அழைத்துப் பக்குவமாகச் சொல்லி, வேனை மாற்றிக்கொள்ளச் சொல்வேன் என்றார். மூன்றாமவர் அந்த ஓட்டுநரைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்டு மிரட்டி அனுப்புவேன் என்றார். மூவருமே பிள்ளைகள்மேல் உண்மையான அக்கறை உள்ளவர்கள். ஆனால் சட்டம் எதிர்பார்ப்பதை ஒருவரும் சொல்லவில்லை.

ஆசிரியர்கள், சத்துணவுப் பணியாளர்கள், துப்புரவுப் பணியாளர், வேன் ஓட்டுநர் என்று பள்ளிக்குள் கால் வைக்கும் பெரியவர்கள் அனைவருக்கும் முதலில் ஒரு வகுப்பு நடத்தியாக வேண்டும் என்பது என் கருத்து. அது முடியும்வரை பிள்ளைகளுக்கான வகுப்பைத் தள்ளிவைக்கலாமா என்றுகூட யோசிக்கிறேன். அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கோவை ஆற்றுப்படுத்துநர்

அதிகம் தள்ளிப்போட வேண்டாம், டீச்சர். ஆனால் வரிசை நீங்கள் சொல்வதுதான் சரி, அதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. இத்தகைய பள்ளி வகுப்புகளைப் பற்றிப் பல நாடுகளில் நடந்த 24 ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட திறனாய்வு ஒன்றை, நலவாழ்வு ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் பன்னாட்டு அமைப்பான காக்ரேன் 2015இல் வெளியிட்டது. வகுப்பில் பங்கேற்ற பிள்ளைகளுக்கு விவரம் கூடியிருந்தது. கற்றது சில மாதங்கள்வரை நினைவிலும் நின்றது. பலர் அஞ்சுவதுபோல் வகுப்பினால் பிள்ளைகளுக்குப் பயம் பிடித்துக்கொள்ளவில்லை. ஆனால் வகுப்பு நடந்ததால் துன்புறுத்தல் குறைந்தது என்று காட்ட அந்த ஆய்வுகளில் சான்று கிடைக்கவில்லை. தெரிந்த மாற்றம் வேறொன்று. தங்களுக்கு நேர்ந்ததை வெளியே சொன்ன பிள்ளைகள், வகுப்பு இல்லாத குழுக்களில் ஆயிரத்துக்கு 4 பேர் என்றால், வகுப்பு நடந்த குழுக்களில் 14 பேர். ஆகவே, வகுப்பு நன்றாக நடந்தால் சொல்லாதிருந்த பிள்ளை சொல்லத் தொடங்கும். கேட்பவர் ஆயத்தமாக இல்லாவிட்டால், அந்தப் பிள்ளையை நாமே இரண்டாம் முறை கைவிட்டவர்கள் ஆவோம்.

பாடத்தின் உள்ளடக்கம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் என்று உணர்ச்சியை வைத்துப் பிரிக்கச் சொல்லிக் கொடுப்பது சிறு பிள்ளைகளைக் குழப்புகிறது. ஆறு வயதுப் பிள்ளைக்குக் கெட்டது என்றால் வலிக்க வேண்டும். ஊசி போடும் டாக்டர் தொட்டாலும், தலைக்குச் சிக்கெடுக்கும் பாட்டி தொட்டாலும் வலிக்கிறது; மிட்டாய் வாங்கிக் கொடுத்து மடியில் உட்கார வைத்துக்கொள்பவர் தொட்டால் வலிப்பதில்லை, கூச்சமாகவோ சில வேளைகளில் இதமாகவோகூட இருக்கலாம். இதமாக இருந்ததே என்ற குற்றவுணர்வில் வாயடைத்துப்போன பிள்ளைகள் உண்டு. ஆகவே உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு, சாலை விதியைச் சொல்வதுபோல் விதியாகச் சொல்லுங்கள்: உள்ளாடை மறைக்கும் இடங்களைச் சுத்தம் செய்யவும் வைத்தியத்துக்கும் தவிர யாரும் தொடவோ பார்க்கவோ படமெடுக்கவோ கூடாது, தங்களுடையதைத் தொடச் சொல்லவும் கூடாது, இதை யாரிடமும் சொல்லாதே என்று யார் சொன்னாலும் அதைச் சொல்லிவிட வேண்டும்.

ஓடு, கத்து என்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. பயத்தில் உறைந்துபோவது இயல்பு, பெரியவர்களே உறைந்துபோகிறார்கள். ஓடாத பிள்ளை, சொல்லிக் கொடுத்தபடி நான் செய்யவில்லை, தப்பு என்னுடையதுதான் என்று நினைத்துக்கொள்ளும். எனவே ஒவ்வொரு வகுப்பிலும், அப்போது உன்னால் எதுவும் செய்ய முடியாமல் போயிருந்தாலும் தப்பு உன்னுடையதன்று, எத்தனை நாள் கழித்தும் சொல்லலாம், முதலில் சொன்னவர் நம்பாவிட்டால் அடுத்தவரிடம் சொல்லலாம் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

மதுரை வழக்குரைஞர்

ஆசிரியை அவர்கள் எழுதிய மூன்று பதில்களும் நீதிமன்றத்தில் நான் அடிக்கடி காண்பவை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், அதாவது நாம் போக்சோ என்று சொல்லும் 2012ஆம் ஆண்டுச் சட்டம், 18 வயது நிறையாத எல்லாரையும், ஆண் பெண் என்ற வேறுபாடு இல்லாமல், குழந்தை என்றே கொள்கிறது. அதன் 19ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்தது தெரிந்தவர் மட்டுமல்லாமல், நடக்கக்கூடும் என்ற அச்சம் உள்ளவரும் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ தகவல் தெரிவிக்க வேண்டும். உண்மையா பொய்யா என்று பள்ளி விசாரித்து உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர்மேல் உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ தொடர முடியாது என்று அதே பிரிவு காப்பும் தருகிறது.

தெரிவிக்காமல் விட்டால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம்வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். தனக்குக் கீழ் பணிபுரிபவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்காத நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டுவரை சிறையும் அபராதமும் உண்டு. மகாராட்டிரத்தில் விடுதி மாணவியர் தொடர்பான ஒரு வழக்கில், தகவல் தெரிவிக்காத மருத்துவர் மீதான வழக்கை உயர்நீதிமன்றம் இரத்து செய்திருந்தது. 2022 நவம்பரில் உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கி, தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது கடுமையான குற்றம், பெரும்பாலும் அது குற்றவாளியைக் காப்பாற்றும் முயற்சியே என்று சொன்னது. பள்ளியின் பெயர் கெட்டுவிடும், பெண்பிள்ளையின் எதிர்காலம் என்ன ஆவது, பேசி முடித்துக்கொள்ளலாம் என்று கூடும் பஞ்சாயத்துகளில் உட்கார்ந்திருக்கும் தலைமையாசிரியர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காவல் நிலையம் என்றதும் பெற்றோர் நடுங்குவது நியாயமே. அதனால் சட்டம் என்ன சொல்கிறது என்பதை அவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து பதிவு செய்ய வேண்டும். எக்காரணம் கொண்டும் பிள்ளையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக்கூடாது. பெயரையோ பள்ளியையோ அடையாளம் தெரியும்படி ஊடகத்தில் வெளியிடுவது குற்றம். நடைமுறையில் இவையெல்லாம் எப்போதும் ஒழுங்காக நடக்கின்றனவா என்றால் இல்லை. ஆனால் கேட்டுப் பெறத் தெரிந்தவருக்கு நடக்கிறது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திருச்சி

மேலே எழுதியவர்கள் எல்லாரும் ஒரு பக்கத்தையே பார்க்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. 30 ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மதிப்பெண் குறைத்ததற்கும், செல்போனைப் பிடுங்கி வைத்ததற்கும் பழி தீர்க்கப் புகார் எழுதிப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். விசாரணையே இல்லாமல் உடனே காவல் நிலையம் என்றால், நேர்மையான ஓர் ஆண் ஆசிரியரின் பெயர் ஒரே நாளில் சந்தி சிரித்துவிடும். பிறகு அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தாலும் ஊர் நம்பாது. அந்தப் பயத்தில் இப்போது ஆண் ஆசிரியர்கள் கீழே விழுந்த பிள்ளையைத் தூக்கி விடவே யோசிக்கிறார்கள். இது பிள்ளைகளுக்கு நல்லதா?

மதுரை வழக்குரைஞர்

ஐயா, உங்கள் கவலையைச் சட்டம் இயற்றியவர்களும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். ஒருவரை அவமானப்படுத்தவோ மிரட்டவோ வேண்டுமென்றே பொய்ப் புகார் கொடுக்கும் பெரியவருக்கு 22ஆம் பிரிவில் தண்டனை உண்டு. பிள்ளை பொய் சொன்னதாகவே முடிந்தாலும் பிள்ளைக்குத் தண்டனை கிடையாது. அப்படி ஒரு தண்டனை இருந்தால் உண்மை சொல்லும் பிள்ளையும் வாய் திறக்காது. விசாரணையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைச் செய்ய வேண்டியவர்கள் காவல்துறையினரும் நீதிமன்றமும். பள்ளி தானே விசாரணை நடத்தினால், பிள்ளையை ஐந்தாறு பேர் சூழ்ந்து நின்று கேட்டுக் கேட்டு, சொல்லே மாறிப்போய், பின்னால் குறுக்கு விசாரணையில் உண்மையான வழக்கு உடைகிறது. பொய்யான குற்றச்சாட்டில் சிக்கிய ஆசிரியருக்கும் அந்த அரைகுறை விசாரணை உதவாது.

கோவை ஆற்றுப்படுத்துநர்

ஐயா சொல்லும் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. அந்தப் பயத்துக்கு மருந்து பள்ளியின் ஒழுங்குமுறையில் இருக்கிறது. தனி வகுப்பு எடுத்தால் கதவு திறந்திருக்க வேண்டும். ஆய்வகம், நூலகம், விளையாட்டுப் பொருள் வைக்கும் அறை ஆகியவற்றின் கதவில் உள்ளே தெரியும்படி கண்ணாடி இருக்க வேண்டும். மாணவர்களோடு தனிப்பட்ட எண்ணில் இரவில் செய்தி பரிமாறக்கூடாது. போட்டிக்கு வெளியூர் அழைத்துச் சென்றால் இரண்டு பெரியவர்கள் போக வேண்டும். இந்த விதிகள் எல்லாருக்கும் பொதுவாக எழுதி வைக்கப்பட்டிருந்தால், நேர்மையான ஆசிரியருக்கு அதுவே கவசம்; விதியை மீறுபவர்மேல் குற்றம் நடக்கும் முன்பே கண் விழும். விழுந்த பிள்ளையை எல்லார் முன்னிலையிலும் தூக்கி விடுவதை எந்த விதியும் தடுக்கவில்லை.

இரு பிள்ளைகளின் தந்தை, ஆவடி

பள்ளியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். வீட்டைப் பற்றியும் பேச வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளில், போக்சோ வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தவர் என்றே வருகிறது. நாமோ முன்பின் தெரியாதவர் சாக்லேட் கொடுத்தால் வாங்காதே என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஊரிலிருந்து வந்த மாமாவுக்கு முத்தம் கொடு என்று பிள்ளையின் முதுகைப் பிடித்துத் தள்ளுகிறோம். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டால் மரியாதை தெரியாத பிள்ளை என்று அதட்டுகிறோம். கையெடுத்துக் கும்பிட்டால் மரியாதை குறைந்துவிடுமா?

ஆண்பிள்ளைகள் கதை இன்னும் மோசம். அரைஞாண் கயிற்றைப் பிடித்து இழுத்து, பொடி கொடுடா என்று பெரியவர்கள் கேலி செய்வதும், அவன் கூச்சப்பட்டு ஓடுவதைப் பார்த்துச் சபையே சிரிப்பதும் நம் வீடுகளில் இன்றும் நடக்கின்றன. தன் உடம்பு ஊராரின் வேடிக்கைப் பொருள் என்று மூன்று வயதில் கற்றவன், பத்து வயதில் யாரிடம் போய் என்ன சொல்வான்? அந்த உறுப்புக்கு நாம் கற்றுக்கொடுத்திருக்கும் பெயர்கூட ஷேம் ஷேம் என்பதுதான். வெட்கம் என்று பெயர் வைத்ததைப் பற்றிப் பிள்ளை வெட்கப்படாமல் பேச வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள், டீச்சர். எங்கள் பள்ளியில் வகுப்பு நடந்தபோது ஆண்பிள்ளைகளை விளையாட அனுப்பிவிட்டார்கள். என் மகனுக்கு அன்று கிரிக்கெட்தான் கிடைத்தது.

நன்னிலத்து ஆசிரியை

ஆவடி நண்பர் சொன்னதற்குச் சென்னையிலேயே கணக்கு இருக்கிறது. பிள்ளைகள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கப் பணிபுரியும் துளிர் அமைப்பும் சேவ் த சில்ரன் அமைப்பும் சேர்ந்து 2006இல் சென்னைப் பள்ளிப் பிள்ளைகள் 2,211 பேரிடம் நடத்திய ஆய்வில், 42 விழுக்காட்டினர் ஏதாவது ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். பெண்பிள்ளைகளில் 39 விழுக்காடு, ஆண்பிள்ளைகளில் 48. வசதியுள்ள வீடு, இல்லாத வீடு என்ற வேறுபாடும் அதில் இல்லை. மறு ஆண்டு மத்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்திய ஆய்விலும் 53.22 விழுக்காடு என்று வந்தது. அங்கும் ஆண்பிள்ளைகளின் பங்கு பெண்பிள்ளைகளைவிடச் சற்றுக் கூடுதல். இதற்குப் பிறகும் ஆண்பிள்ளைகளை விளையாட அனுப்புவது பொறுப்பற்ற செயல் என்றே நான் கருதுகிறேன்.

புகார்ப் பெட்டியைப் பற்றியும் எழுத வேண்டும். 2021இல் நம் மாநிலத்தில் அடுத்தடுத்து வெளிவந்த பள்ளிக் குற்றச்சாட்டுகளுக்குப் பிறகு, ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு அமைக்க அரசு ஆணையிட்டது. குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 ஆகியவற்றைப் பாடநூல்களில் முத்திரையிடவும் ஏற்பாடு செய்தது. பின்னர் மாணவர் மனசு என்ற பெட்டிகளும் வந்தன. நான் பார்த்த ஒரு பள்ளியில் அந்தப் பெட்டி தலைமையாசிரியர் அறை வாசலில், என் தோள் உயரத்தில் ஆணியடித்து மாட்டப்பட்டிருந்தது. சாவி அறைக்குள் இருந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கை எட்டாது. எட்டினாலும் எழுத வராது. எழுதத் தெரிந்த எட்டாம் வகுப்பு மாணவி, எல்லாரும் பார்க்கும் இடத்தில் சீட்டைப் போட்டுவிட்டு வகுப்புக்குத் திரும்ப வேண்டும். பெட்டியைத் திறந்தால் அதில் பல்லியும் ஐஸ்குச்சியும் இருந்தன என்று அங்குள்ள பணியாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். கழிப்பறைக்குப் போகும் வழியில், பிள்ளையின் உயரத்தில், இரண்டு பேர் சேர்ந்து திறக்கும் பூட்டோடு மாட்டினால் என்ன செலவாகிவிடும்?

சிறப்பாசிரியர், தஞ்சாவூர்

காது கேளாத பிள்ளைகளையும் அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளையும் மறந்துவிட வேண்டாம். உடை மாற்றவும் கழிப்பறைக்குப் போகவும் பிறர் கையை நம்பியிருக்கும் பிள்ளைக்கு, யாரும் தொடக்கூடாது என்ற விதி அப்படியே பொருந்தாது. யார் உதவலாம், எங்கே வைத்து உதவலாம், உதவும்போது என்ன செய்யக்கூடாது என்று தனித்தனியாகப் படம் வைத்துக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. செவித்திறன் குறைந்த பிள்ளைகளுக்கு உறுப்புகளைக் குறிக்கும் சைகைகளையும் கட்டாயம் சொல்லிக் கொடுங்கள். சைகை தெரியாத பிள்ளையின் வாக்குமூலத்தை மொழிபெயர்ப்பாளர் வந்தாலும் பெற முடியாமல் போகிறது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திருச்சி

கதவு, கண்ணாடி, இரண்டு பெரியவர் என்று ஆற்றுப்படுத்துநர் எழுதியவற்றை ஏற்கிறேன். எங்கள் காலத்தில் இவற்றை எழுதி வைத்திருந்தால் சில தலைவலிகள் குறைந்திருக்கும். ஆனால் 17 வயதுப் பெண்ணும் அதே வகுப்புப் பையனும் விரும்பிப் பழகியது தெரிந்தாலும் இந்தச் சட்டத்தின்படி தெரிவித்தே ஆக வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பையனின் வாழ்க்கை என்ன ஆவது என்று இங்கே யாரும் பேசவில்லை.

மதுரை வழக்குரைஞர்

அது உண்மையான சிக்கல்தான், ஐயா. 18 வயதுக்குட்பட்டவரின் சம்மதத்தைச் சட்டம் கணக்கில் கொள்வதில்லை. நீதிமன்றங்களே இதுபற்றிப் பலமுறை கவலை தெரிவித்திருக்கின்றன. ஆனால் அதைத் தீர்க்க வேண்டிய இடம் நாடாளுமன்றம். மேல்வகுப்புப் பிள்ளைகளுக்குச் சட்டம் இப்படி இருக்கிறது என்பதையாவது நேராகச் சொல்லிக் கொடுக்கலாம். நாலாம் வகுப்புப் பிள்ளையின் புகாரை மூடிவைக்க இதைக் காரணமாக்கிவிடக் கூடாது என்பதுதான் என் வேண்டுகோள்.

நன்னிலத்து ஆசிரியை

எல்லாருக்கும் நன்றி. பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் பெற்றோரிடம் பேசுவது, அதே வாரத்தில் பணியாளர் அனைவருக்கும் வகுப்பு, அதன் பின்னரே பிள்ளைகள் என்று முடிவு செய்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு ஒரே நாளில் கொட்டித் தீர்க்காமல், பருவத்துக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்வேன்.

இரண்டு கேள்விகள் மிச்சம். வகுப்பு முடிந்த கையோடு பிள்ளை ஒன்று வந்து சொன்னால், அந்த முதல் சில நிமிடங்களில் நான் என்ன பேச வேண்டும்? 1098க்கு அழைத்துச் சொல்லிவிட்டால் என் சட்டக் கடமை முடிந்துவிடுமா?

கோவை ஆற்றுப்படுத்துநர்

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். பிள்ளையின் உயரத்துக்கு உட்கார்ந்து கேளுங்கள். முகத்தில் அதிர்ச்சியைக் காட்டாதீர்கள். அதைக் கண்டால் பிள்ளை பாதியில் நிறுத்திவிடும். ஏன் முன்பே சொல்லவில்லை, நீ எதற்கு அங்கே போனாய் என்ற கேள்விகள் கூடவே கூடாது. பிறகு என்ன நடந்தது என்ற ஒரு கேள்வி போதும். விவரங்களைத் தோண்ட வேண்டாம். நீ சொன்னது நல்லது, இது உன் தப்பு இல்லை, உன்னைப் பாதுகாக்கத் தேவையானவர்களிடம் மட்டும் இதைச் சொல்வேன் என்று சொல்லுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்துவிடாதீர்கள். உங்களால் அதைக் காப்பாற்ற முடியாது. பிள்ளை பயன்படுத்திய சொற்களை அப்படியே, மழலையாக இருந்தாலும் திருத்தாமல், தேதியும் நேரமும் போட்டு எழுதி வையுங்கள். யாரைப் பற்றிச் சொன்னதோ அவருக்கு நீங்கள் தகவல் கொடுக்க வேண்டாம். அவர் வீட்டிலேயே இருப்பவர் என்றால், மாலை மணி அடிக்கும் முன்பே அடுத்த ஏற்பாடு ஆகியிருக்க வேண்டும்.

மதுரை வழக்குரைஞர்

இரண்டாவது கேள்விக்கு: 1098க்கு அழையுங்கள், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் உதவி அதன்வழி கிடைக்கும். ஆனால் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது காவல்துறையை; எனவே காவல் நிலையத்துக்கும் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன் என்பது போதாது, தெரிந்த ஒவ்வொருவருக்கும் அந்தக் கடமை தனித்தனியாக உண்டு. தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் காவலர்கள் அதைக் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தார்களா என்று மறுநாள் கேளுங்கள். அண்மையில் நடந்ததாகப் பிள்ளை சொன்னால் குளிக்க வைக்காமல், உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் முதலில் மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதல் தகவல் அறிக்கை இருந்தால்தான் பார்ப்போம் என்று எந்த மருத்துவமனையும், தனியார் உட்பட, திருப்பி அனுப்ப முடியாது.